மாணவரைத் தனியே விடாதீர்

பெத்தனிக்குக் காது கேட்காது. பேராசிரியரின் உதட்டைப் பார்த்தே பாடத்தைப் பிடித்துக்கொள்வாள். எழுதக் குனிந்தால் உதடு போய்விடும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருவது என் வேலை. யார்க்‌ஷயர் பல்கலைக்கழகம் ஒன்றில் இதற்கென்றே சம்பளம் வாங்குகிறேன்.

ஜனவரிப் பரீட்சைக்கு முந்தைய கடைசி வகுப்பு, புதன் காலை பத்து மணிக்கு. எந்தெந்தப் பாடம் வரும் என்று பேராசிரியர் வாய் திறப்பது அன்று மட்டும்தான். அதே நேரத்தில்தான் எழுதித் தரும் எங்கள் எல்லோருக்கும் கட்டாயப் பயிற்சி வைத்தார்கள். தலைப்பு, 'மாணவரைத் தனியே விடாதீர்'.

மேலாளர் ஜெரால்டினிடம் போய் நின்றேன்.

"அந்தப் பொண்ணு அம்போன்னு உக்காந்திருக்குமே, ஜெரால்டின்?"

"தெரியும் கண்ணு. ஆனா பயிற்சி முடிக்காதவங்கள பிள்ளைங்க பக்கத்துல உக்கார விடமுடியாது. பெத்தனிக்கு நான் ஏற்பாடு பண்ணிட்டேன்."

புதன்கிழமை அந்த ஏற்பாட்டைப் பார்த்தேன். பயிற்சி அறையில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில், பெத்தனியே உட்கார்ந்திருந்தாள். மாணவர் பேசி நாங்கள் நேரில் கேட்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பயிற்சியாளர் கிளைவ் திரையைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிப் பேசினார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் பெத்தனி.

எழுதிக் காட்டினேன்: "முகத்தைப் பாத்துப் பேசணுமாம்."

ஊருக்குத்தான் உபதேசம். ஒருவழியாகத் திரும்பினார். "சொல்லும்மா, இப்ப உனக்கு எங்ககிட்டேருந்து முக்கியமா என்ன வேணும்?"

"என் வகுப்புக்குப் போகணும். அது ஆரம்பிச்சாச்சு."

கைதட்டல் அடங்கவே இல்லை. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளைவ் அதைப் பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டார்.

"அருமை! இதைப் பத்திக் குழுவாப் பிரிஞ்சு பேசுவோம்."

அவளை வகுப்புக்கு அனுப்ப ஒருவரும் அசையவில்லை. நான் என் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு பெத்தனியை எழுப்பினேன். ஜெரால்டின் வாசலில் மறித்தார்.

"இப்ப போனா நாளைக்கு உனக்கு வேலை இல்ல கண்ணு."

"நாளைக்கு அவளுக்கு இந்த வகுப்பு இல்லயே."

பாதி வகுப்பு கிடைத்தது. பேராசிரியர் இருமியதைக்கூட விடாமல் எழுதினேன்.

பெத்தனி நன்றாகவே தேறினாள். ஈஸ்டர் வந்துவிட்டது, வகுப்பில் அவள் பக்கத்து நாற்காலி இன்னும் காலி. எனக்குப் பதிலாக ஆள் எடுத்துவிட்டார்களாம். அவருக்குப் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறதாம்.