நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நவம்பர் முதல் தேதி காலையில் லுட்விகா சமையலறை மேசையில் கல்லறை விளக்குகளை எண்ணிப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, போரில் போன அண்ணனுக்கு ஒன்று, மாமனார் மாமியாருக்கு இரண்டு. ஆறாவது தாம்தினுக்கு. தாம்தினுக்குத் தோருன் நகரத்தில் கல்லறை கிடையாது. மங்கோலியாவில் ஏதோ ஒரு கணவாயில் பனி மூடிக் கிடக்கிறான். அப்படித் தூர தேசத்தில் செத்தவர்களுக்கென்று கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை ஒன்று நிற்கிறது. அதன் அடியில்தான் ஊரார் அவரவர் விளக்கை வைப்பார்கள். முப்பது வருடமாக அவளும் வைத்து வருகிறாள். கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த வருடம்கூடப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்பினாள்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. வார்சாவிலிருந்து ஒரு பெண், போலிஷும் ரஷ்யனும் கலந்து பேசினாள்.

"நான் ஓயுனா. இங்க மார்க்கெட்ல துணிக்கடை வெச்சிருக்கேன். எங்கப்பா மங்கோலியாலேர்ந்து வந்திருக்காரு. செவெரின் சாரைப் பாக்காம ஊருக்குப் போக மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நாளைக்கு ரயில் ஏத்தி விடட்டுமா?"

"உங்கப்பா யாரும்மா?"

"தாம்தின். அறுபத்தஞ்சுல சார்கூடக் குதிரைல போனாருல்ல, அவருதான்."

லுட்விகா மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அனுப்பி வைக்கச் சொன்னாள். ரயில் எத்தனை மணிக்கு என்றுகூடக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். ரிசீவரை வைத்தாள். பையிலிருந்து ஆறாவது விளக்கை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு முப்பது விளக்கு வைத்தாயிற்று. இரண்டு தரம் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வேறு. வானத்தில் யாராவது கணக்குப் பார்ப்பவர் இருந்தால் குழம்பித்தான் போயிருப்பார்.

கணவர் செவெரின் அடுத்த அறையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஐம்பது தேசம் சுற்றி, பத்திரிகைக்கும் புத்தகத்துக்குமாக எழுதித் தள்ளிய ஆள். கண்ணால் பார்க்காததை ஒரு வரிகூட எழுதியதில்லை என்று பேட்டிக்குப் பேட்டி சொல்வார். அவருடைய மங்கோலியா புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்து அழாதவர்கள் போலந்தில் குறைவு.

"நாளைக்குத் தாம்தின் வர்றாராம்," என்றாள்.

பிரஷ் நின்றது. எந்தத் தாம்தின் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நல்லா இருக்கானாமா?"

"செத்தவருக்கு என்ன குறைச்சல்? நல்லாத்தான் இருப்பாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். புத்தகத்துக்கு முடிவே இல்லை என்று பதிப்பகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம், அதனால் தாம்தினைப் பனியில் சாகடித்தாராம். நடந்தது என்னவோ இவ்வளவுதான்: சாலை வந்தது, லாரி வந்தது, செவெரின் ஏறிக்கொண்டார். தாம்தின் மூக்கைச் சிந்திவிட்டு, கையை ஆட்டிவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான்.

"இத எழுதினா எவன் படிப்பான், லுட்கா? அவன் எங்க போலிஷ் புத்தகம் படிக்கப் போறான்னு நெனச்சேன்."

"நான் படிச்சேனே! நான்தானே டைப் அடிச்சேன்? கண்ணுல தண்ணி மறைச்சு எழுத்து எழுத்தாத் தேடி அடிச்சேன். நீ பின்னாடி நின்னு என் முதுகத் தடவி விட்டே."

"அப்பச் சொல்லிடணும்னுதான் நெனச்சேன். நீ அழுததப் பாத்ததும், முடிவு சரியா வந்துருச்சுன்னு தெரிஞ்சுது. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஐந்து விளக்கோடு தனியாகக் கல்லறைக்குப் போனாள். போகும் வழியெல்லாம் தாம்தினைப் பற்றி அவள் நினைக்கவில்லை. அவன் பிழைத்துக் கிடந்தது நல்லதுதான். வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் பாஸ்போர்ட் கொடுத்தால் வீட்டில் ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள். போனவர் திரும்பி வருவதற்கு ஈடாக மனைவியும் பிள்ளையும் ஊரிலேயே இருக்க வேண்டும். வருடத்தில் எட்டு மாதம் ஈடாக இருந்தவள் அவள். செவெரின் வந்ததும் நான்கு நாள் தூங்குவார், பிறகு எழுதுவார், அவள் டைப் அடிப்பாள். புருஷன் எங்கே படுத்தான், எதைத் தின்றான், யாருக்காக ஏங்கினான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது டைப்ரைட்டரில்தான். மற்ற பெண்கள் புருஷனோடு குடித்தனம் நடத்தினார்கள். அவள் கையெழுத்துப் பிரதியோடு நடத்தினாள். அதில் குறை இருப்பதாக அவள் நினைத்ததே இல்லை, ஏனென்றால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் இருந்தது.

அந்தப் பக்கத்தில் செவெரினும் தாம்தினும் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் ஒரு கம்பளிக் கூடாரத்தில் கிடக்கிறார்கள். செவெரின் தன் மனைவியைப் பற்றிச் சொல்கிறார். அவள் குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்தால் நேராகத் தொட்டிலுக்குப் போக மாட்டாளாம். அடுப்பருகே நின்று இரண்டு கையையும் அக்குளில் வைத்துச் சூடேற்றுவாளாம். தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாளாம். சூடு போதும் என்று தோன்றிய பிறகுதான் குழந்தையைத் தொடுவாளாம். அதை டைப் அடித்த அன்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நானா அப்படிச் செய்கிறேன்? தனக்கே தெரியாத தன்னை ஒருவன் அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பார்த்திருக்கிறான் என்று நெஞ்சு நிறைந்து போயிற்று. அன்றிலிருந்து அப்படித்தான் செய்தாள். நாளாக ஆகப் பழகிவிட்டது. கதான்ஸ்கில் இருக்கும் மகள்கூடக் குளிர்காலத்தில் போன் செய்தால், "அம்மா, உன் கை ஞாபகம் வருது," என்பாள்.

அந்தப் பக்கமாவது உண்மையா? செவெரினிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. உண்மை என்பார், அதையும் அழகாகச் சொல்வார். சாட்சி ஒரே ஒரு ஆள்தான். அவர் நாளைக்கு ரயிலில் வருகிறார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் செவெரினைக் கேக் வாங்கி வர அனுப்பினாள், அதுவும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடையிலிருந்து. இங்கேயே கிடைக்குமே என்று அவர் வாய் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். அரை மணி கழித்து மணி அடித்தது. குட்டையான ஆள், தோல் தொப்பி, கையில் ஒரு பெரிய சாக்குப்பை. வாசலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கை குலுக்கினால் ஆகாது என்று அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள். அவரும் படியை மிதிக்காமல் கவனமாகத் தாண்டி உள்ளே வந்தார். அவர்கள் ஊரிலும் படியை மிதித்தால் ஆகாதாம்.

கோழி சூப்பை இரண்டு தட்டு சாப்பிட்டார். ரஷ்யன் இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் புகட்டியது, இருவருக்குமே பாதி மறந்திருந்தது. அதனால் பேச்சு சுலபமாக இருந்தது.

"ரயில்ல எதிர்ல ஒரு அம்மா எம் பேரக் கேட்டாங்க. சொன்னதும் சிலுவை போட்டுக்கிட்டாங்க. ஏன்னு தெரியல," என்றார் தாம்தின்.

லுட்விகா கரண்டியை வைத்தாள். "நீங்க செத்துட்டீங்க ஐயா. புத்தகத்துல. அவரு அப்படி எழுதிட்டாரு."

தாம்தின் அவளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அதான் ஒரு காயிதம்கூடப் போடலயா அவன்! எப்படிச் செத்தேன்?"

"பனியில. வெள்ளக் குதிரையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு."

"எங்கிட்ட ஏது வெள்ளக் குதிரை? கிழட்டுச் செவலை, அது கடிக்கும். அதப் போயி எவன் கட்டிப் பிடிப்பான்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜனங்க அழுதாங்களா?"

"நாடே அழுதுச்சு."

"அப்பச் சரி. இன்னும் கொஞ்சம் சூப்பு ஊத்தும்மா. செத்தவனுக்கு இவ்வளவு பசியான்னு நெனைக்காத."

ஊற்றினாள். நூடுல்ஸை அரித்துப் போட்டாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். புயல்ல மூணு நாள் கூடாரத்துல கெடந்தீங்களே, அது நெசமா?"

"அது நெசம்."

"அப்ப அவரு என்னப் பத்திப் பேசினாரா?"

நல்ல மனுஷர், யோசித்துப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அவருக்கு என்ன நஷ்டம்? ஆனால் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"அவன் எங்கம்மா பேசினான்? கேட்டுக்கிட்டேதான் இருந்தான். நாந்தான் பொலம்பினேன். எனக்கு அப்பக் கல்யாணமாகி ரெண்டு வருஷம். செர்மா, செர்மான்னு அவன் உயிர வாங்கினேன்."

"என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல, வயசு அப்படி! அவ வெளியில ஆட்டப் பாத்துட்டு உள்ள வருவா. புள்ள அழுவும். ஆனா ஒடனே தூக்க மாட்டா." தாம்தின் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "இப்படிப் பாத்துட்டுத்தான் தொடுவா. செவெரின் திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லுன்னான். மூணு தரம் சொல்ல வெச்சான். எழுதிக்கக்கூட இல்ல, கண்ண மூடிக்கிட்டுக் கேட்டான்."

லுட்விகாவுக்கு அழுகை வரவில்லை. ஊர் அழுத அத்தியாயத்துக்கு அழுதவளுக்கு இதற்கு வரவில்லை. அவமானமாக இருந்தது, அடுத்தவள் புடவையை முப்பது வருடம் உடுத்தியிருந்து இன்றைக்குத்தான் தெரிந்தது போல.

"இப்ப அவங்க?"

"போயி மூணு வருஷமாச்சு. படம் இருக்கு, பாக்கறியா?"

சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் மடங்கிய ஒரு புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தார். லுட்விகா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வேலியோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். அகன்ற முகம், வெயிலுக்குச் சுருக்கிய கண், எடுப்பவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்கியிருந்தாள். லுட்விகா அவள் கையைத் தேடினாள். அவர்களுடைய அங்கியின் நீளமான கைப்பகுதிக்குள் இரண்டு கையும் மறைந்திருந்தன. உறையிலிருந்து படத்தை வெளியே எடுத்தாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், பின்புறத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தாள்.

மாடிப்படியில் செவெரின் ஏறி வருகிற சத்தம் கேட்டது. தாம்தின் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைப் பார்த்து நின்றார். சாவி இரண்டு தரம் பூட்டைத் தவறவிட்டது. லுட்விகா திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் அங்கிக் கைப்பகுதி முடிகிற இடத்தில், துணிக்கு வெளியே, ஒரே ஒரு விரல் நுனி தெரிந்தது.