ஓலை இருந்த இடம்

சுவரில் ஓர் ஓலைச் சிலுவை.

மாதா படத்துக்குக் கீழே, சின்ன ஆணியில். போன குருத்து ஞாயிறன்று சலேத்தின் புருசன் இன்னாசி பின்னி மாட்டியது. அன்றைக்குப் பால் நிறத்தில் இருந்தது. வெயில் போனது, காற்றுக்காலம் போனது, மழை போனது. இப்போது காய்ந்து கருவாட்டு நிறத்துக்கு வந்துவிட்டது.

ஒற்றை அறை வீடு. அடுப்பும் அங்கேதான், பாயும் அங்கேதான். விடிந்ததும் கிழக்கு ஜன்னலின் முதல் வெளிச்சம் அந்த ஓலைமேல் விழும். சலேத்து கண் திறந்ததும் அதைத்தான் பார்ப்பாள்.

இருக்கிறது. அப்படியானால் அவனும் இருக்கிறான். பிறகுதான் எழுந்து பாயைச் சுருட்டுவாள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய முதல் வாரம், இன்னாசியும் இன்னும் மூன்று பேரும் கடலுக்குப் போனார்கள். நடுக்கடலில் எந்திரம் நின்றது. நீரோட்டம் இழுத்தது. கோடே இல்லாத கடலில் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள் என்று அடுத்த நாட்டுக் கடற்படை நான்கு பேரையும் பிடித்துப் போனது. அக்கரையில் சிறை.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மூன்று பேரை விட்டார்கள். இன்னாசியை விடவில்லை. படகை ஓட்டியவன் அவன். அவனுக்கு வழக்குத் தனி, வாய்தா தனி.

ஊரெல்லாம் நட்சத்திரம் தொங்கியது. சலேத்து வீட்டிலும் தொங்கியது. இந்த வருசம் எதுக்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல், அவளே ஏணி வைத்து ஏறிக் கட்டினாள்.

திரும்பி வந்தவர்களில் இளையவன் ராயப்பன். தன் வீட்டுக்குப் போகுமுன் அவள் வாசலுக்கு வந்தான்.

"அண்ணன் நல்லாத்தான் இருக்காரு மதினி. ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு. அந்த ஓலை இருக்கான்னு."

"இருக்கு," என்றாள். திரும்பிச் சுவரைக் காட்டினாள்.

அன்றிலிருந்து அது வெறும் ஓலை இல்லை. ஒட்டடை அடித்தால்கூட அதைச் சுற்றித்தான் அடித்தாள்.

மாசி பிறந்தது. பனி விலகி வெயில் ஏறியது. விபூதிப் புதன் வந்துகொண்டிருந்தது.

மந்திரித்த ஓலையை அங்கே யாரும் குப்பையில் போடுவதில்லை. வருடம் முழுக்க வீட்டில் வைத்திருந்து, தவக்காலம் தொடங்குமுன் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். உபதேசியார் சந்தியாகு அவற்றை எரிப்பார். அந்தச் சாம்பலைத்தான் புதன்கிழமை சாமியார் எல்லோர் நெற்றியிலும் பூசுவார்.

ஞாயிறு பூசை முடிவில் அதை அறிவித்தார்கள். கொடுக்க மாட்டேன் என்று சலேத்து மனசுக்குள் சொன்னாள், யாரும் கேட்காமலே.

ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே. அவள் போகாவிட்டாலும் பார்க்கும், வெறுங்கையோடு போனாலும் பார்க்கும். அதனால் சலேத்து ஒரு கள்ளத்தனம் செய்தாள்.

கொல்லையில் நின்ற இளம் வடலிப் பனையில் ஒரு குருத்தைப் பிடுங்கினாள். நெத்திலியோடு சேர்த்து வெயிலில் காயப்போட்டாள். மீன் காயுது, ஓலை காயாதா என்ற நினைப்பு. பிறகு குறுக்கே ஒரு முடிச்சு. தூரத்திலிருந்து பார்த்தால் சிலுவை.

செவ்வாய் மாலை. கோயில் முற்றத்தில் இரும்புச் சட்டி. ஊரின் ஓலைகள் படபடவென்று எரிந்தன. அவள் ஓலை விழுந்தது. எரியவில்லை. புகைந்தது. நெத்திலி வாடையோடு முற்றம் முழுக்கப் புகைந்தது.

"யாரோ பச்சையக் கொண்டாந்து போட்டுட்டாக," உபதேசியார் இருமிக்கொண்டே குச்சியால் கிளறினார். "வாடையப் பாத்தா கருவாட்டுச் சட்டிக்குள்ள வச்சிருந்தாக போல."

சிரித்தார்கள். சலேத்தும் சிரித்துவைத்தாள். எல்லோர் கண்ணிலும் நீர் வடிந்ததால் அவள் கண்ணை யாரும் கவனிக்கவில்லை.

பக்கத்தில் பிலோமி நின்றாள். பல வருடங்களுக்கு முன் கடலுக்குப் போன அவள் புருசன் திரும்பவே இல்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவள் தன் ஓலையை ஒருமுறை முத்தமிட்டாள். சட்டியில் போட்டாள்.

"எப்பிடி மனசு வருது பிலோமி?"

"வருசா வருசம் போடுறேன். வருசா வருசம் புதுசு வாங்கிட்டுப் போறேன். வேற என்ன செய்ய?"

சலேத்து வீட்டுக்கு நடந்தாள். மேற்கே வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. இத்தனை மாதமாகத் தான் சுவரில் மாட்டி வைத்திருந்தது பயத்தைத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆண்டவரை விட்டுவிட்டு ஆணியை நம்பியிருந்தாள். வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, தன்மேல்.

படத்தின் முன்னால் நின்றாள்.

"ஒங்க மகன்கிட்டத்தான் குடுக்கிறேன். அவுக பொறுப்பு," என்றாள் மாதாவிடம். கொஞ்சம் அதட்டலாகவே.

ஓலையை எடுத்தாள்.

அடுப்புப் புகையில் கறுத்த சுவர். ஓலை இருந்த இடம் மட்டும் கறுக்கவில்லை. சுண்ணாம்பு அடித்த அன்றைக்கு இருந்தது போலவே, வெள்ளையாக ஒரு சிலுவை.

அவள் ஓலையோடு கோயிலுக்கு ஓடினாள். சட்டியில் தணல் மிச்சமிருந்தது. இன்னாசியின் ஓலை ஒரே மூச்சில் பற்றியது. அதன் தீயில் அவளுடைய பச்சை ஓலையும் எரிந்து அடங்கியது. உபதேசியார் அவளைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். குச்சியை எடுத்து எல்லாச் சாம்பலையும் ஒன்றாகக் கிளறிக் கலந்தார்.

புதன் காலை. வரிசை. சாமியாரின் விரல் நெற்றியில் சொரசொரவென்று பட்டது. நீ மண் என்பதை நினைத்துக்கொள் என்றார். சலேத்து நினைத்துக்கொண்டாள். பிறகு திரும்பினாள். எதிரே வரிசை முழுக்க நெற்றிகள்.

மீன் ஏலக்காரர் நெற்றியில் இன்னாசியின் ஓலை. ராயப்பன் நெற்றியில் இன்னாசியின் ஓலை. அவன் வரமாட்டான், வேற பொழப்பப் பாரு என்று சொன்ன டீக்கடைக்காரர் நெற்றியிலும் அதே ஓலை. அவரும் அவனைச் சுமந்துகொண்டுதான் கடை திறக்கப் போனார்.

அவள் நெற்றியில் பிலோமி முத்தமிட்ட ஓலை இருந்தது.

அன்றைக்கு அவள் சாம்பலோடு கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். வேர்வை வழிந்தது. துடைக்கவில்லை.

தவக்காலம் முழுக்க முதல் வெளிச்சம் வெறும் சுவரில் விழுந்தது. வெள்ளைச் சிலுவை மேல் விழுந்தது. வருவான் என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள். வாய்தா தள்ளிப்போனது என்று செய்தி வந்தது. மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

குருத்து ஞாயிறு வந்தது. பால் நிறத்தில் புது ஓலை. பின்னுவது எப்போதும் இன்னாசி. அவளுக்கு அந்த வேலை வராது. மடித்தாள், அவிழ்ந்தது. மறுபடி மடித்தாள், ஒரு கை நீண்டது, ஒரு கை குட்டையானது. விடவில்லை. கடைசியில் சிலுவை என்று சொல்லும்படி ஒன்று கையில் நின்றது.

அக்கரைச் சிறைக்குப் போய்வரும் சாமியாரோடு பங்குச்சாமியார் போனில் பேசுவதுண்டு. அன்று மாலை அவரிடம் போனாள்.

"பழைய ஓலை சாம்பலாயிருச்சுன்னு அவுகட்டச் சொல்லச் சொல்லுங்க சாமி. புதுசு மாட்டியாச்சு. நான்தான் பின்னுனேன், கோணலா இருக்கு. வந்து சரிபண்ணட்டும்."

சுவரில் ஓர் ஓலைச் சிலுவை. கோணல்தான், பழைய இடத்தை முழுக்க மறைக்கவில்லை. காலையில் ஜன்னல் வெளிச்சம் வந்தபோது, ஓலையின் குட்டைக் கைக்கு அப்பால் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது.

சலேத்து அதைப் பார்த்தாள். எழுந்து பாயைச் சுருட்டினாள்.