டீச்சரின் அண்ணனுக்குப் பல்வலி

பட்டறைக்கு டீ வந்ததும் வெல்டர் முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் பன்னைக் கடித்துத் தின்ன, அவர் மட்டும் அதை டீயில் ஊறவைத்து, இடது கடைவாய்க்குத் தள்ளி, மெல்லாமலே விழுங்கினார். வலது பக்கம் எது பட்டாலும் உயிர் போய் உயிர் வரும். முன்பற்கள் இரண்டும் பாதி ஒடிந்து கறுத்திருந்தன. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

"என்னண்ணே, புதுப்பொண்ணு மாதிரி வெக்கப்படுறீங்க?" என்று லேத்துக்காரர் கேலி செய்வார். அதற்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்.

வலி தாங்காதபோது மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பிக்கொள்வார். அது ஈறையே பொசுக்குகிறது என்பது அவருக்குத் தெரியாது. அசதி தெரியாமல் இருக்க நாள் முழுக்கச் சர்க்கரை தூக்கலாக டீ. காலையில் விரலில் பல்பொடி தொட்டு மேலும் கீழும் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அவருடைய அப்பாவுக்கும் நடு வயதிலேயே வாய் பொக்கையாகிவிட்டது. தலை நரைப்பதைப் போலப் பல் விழுவதும் உடம்புக்கு இயல்புதான் என்று நினைத்திருந்தார்.

அந்த அப்பா இறந்தபோது ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர் அவர். தங்கை மட்டும் படித்தாள். இன்று அவள் பெரிய பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவளுக்குச் சிறந்த ஆசிரியை விருது கிடைத்திருப்பதாகத் தெரிந்த அன்று, அவர் பட்டறையில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

விழாவுக்கு முந்தின நாள் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, கண்டிப்பா வந்துடு. அப்புறம், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத."

"சொல்லு பாப்பா."

"அங்க வர்றவங்க எல்லாம் படிச்சவங்க. நீ யார்கிட்டயும் ரொம்ப சிரிச்சு கிரிச்சுப் பேச வேணாம். வாய்... பாக்க ஒரு மாதிரி இருக்கும்."

வெல்டரின் கை தானாக வாயைப் பொத்தியது. பிறகு, "அதுக்கென்ன பாப்பா, நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்," என்றார்.

சொன்னபடியே இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தங்கை விருது வாங்கியபோது உள்ளங்கை சிவக்கக் கைதட்டினார். கைதட்டல் ஓய்வதற்குள் தலைமை ஆசிரியை மைக்கைப் பிடித்துவிட்டார்.

"இவங்களப் படிக்க வெச்ச அண்ணன் வந்திருக்காராம். மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசணும்னு கேட்டுக்கறேன்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. வெல்டர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு எழுந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நாற்காலிகளில் இடித்துத் தடுமாறி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மேடையில் பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சர் மெல்லக் கேட்டாள். "உங்க அண்ணன் தண்ணி போட்டிருக்காரா?"

ஒரே ஒரு 'இல்லை' போதும். ஆனால் அதற்கடுத்து, 'பின்னே ஏன் ஓடினார்?' என்ற கேள்வி வரும். அண்ணனின் வாயைப் பற்றிச் சொல்வதைவிட அவரைக் குடிகாரராக்குவது அந்த நேரத்தில் அவளுக்குச் சுலபமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "என்ன பண்றது?" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் அண்ணி பதறிப்போய் போன் செய்தாள். "உங்கண்ணனுக்கு ஒரு பக்க மூஞ்சியே வீங்கிப் போச்சு. தண்ணிகூட இறங்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட வரமாட்டேன்னு அடம் புடிக்கிறாரு. நீ வந்து சொன்னாத்தான் கேப்பாரு."

தங்கை ஓடிப்போய் அவரைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் பார்த்ததுமே முகம் மாறினார். "சீழ் கழுத்துக்கு இறங்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்," என்றார்.

ஊசி போட்டுச் சீழை வடித்தபின் வெல்டருக்குக் கொஞ்சம் பேச வந்தது.

"இவ்வளவு நாளா ஏங்க வரல?" என்று டாக்டர் கேட்டார்.

வெல்டர் தங்கையைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "இங்கெல்லாம் வந்தா வாயைத் திறந்து காட்டணுமே டாக்டர். அசிங்கமா இருந்துச்சு. வயசானா விழற பல்லுதானேன்னு விட்டுட்டேன்."

"வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நாள் பூரா இனிப்பா டீ குடிச்சா சர்க்கரை பல்லுலயே தங்கி அரிச்சுடும். ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடியும் பிரஷ் பண்ணணும். ஆரம்பத்துலயே வந்திருந்தா பாதிப் பல்லக் காப்பாத்தியிருக்கலாம்."

"டீயாலயா? இத யாருமே சொல்லலியே டாக்டர்!" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

தங்கைக்குக் காது மடல் சுட்டது. வருஷம் தவறாமல் கரும்பலகையில் பல்லின் படம் வரைந்து, சர்க்கரை எப்படிப் பல்லை அரிக்கிறது என்று பாடம் நடத்துகிறவள் அவள்தான்.

"நீங்க என்ன பண்றீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள், வீங்கிய முகத்தோடு அண்ணன் முந்திக்கொண்டார். "சயின்ஸ் டீச்சர் டாக்டர். இப்பதான் விருதுகூட வாங்கினா."

அவளுக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

கெட்ட பற்களைப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து அவரை வெளி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து விசும்பினாள்.

"அன்னைக்கு நீ குடிச்சிருக்கியான்னு கேட்டாங்கண்ணா. நான் இல்லைன்னு சொல்லல. நீ எனக்கு பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வாங்கிக் குடுத்த. அத வெச்சு எப்படித் தேய்க்கணும்னு எனக்கு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. அத வீட்டுக்கு வந்து உனக்குச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. உன் வாயைப் பாத்து வெக்கப்படத்தான் தெரிஞ்சுது."

வாய் நிறையப் பஞ்சு. அவரால் பேச முடியவில்லை. கண் கலங்க, அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் இருக்கும்போது அவள் கணக்கு டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"எங்கண்ணன் குடிக்க மாட்டாரு. அன்னைக்கு அவருக்குப் பல்வலி, வாயைத் திறக்க வெக்கம். அது தெரிஞ்சும் நான் சும்மா இருந்தேன். படிக்காதவங்களுக்குப் பல்லு கெட்டா, சுத்தமில்லாதவங்கன்னு சுலபமாச் சொல்லிடறோம். தெரிஞ்ச நாம அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாததுதான் பெரிய அசிங்கம். அவங்க வாய் கெட்டதுக்கு, நாம வாயைத் திறக்காததும் ஒரு காரணம்."