செத்தவர்கள் திரும்பும் வழி

மணப்பெண்ணுக்கு மேக்கப் போடும்போது கண்ணுக்குக் கீழே இருக்கிற கருமையை மறைக்க வேண்டும். பிணத்துக்குப் போடும்போது அதே கருமையைத் தேடிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். தேவிக்கு இரண்டாவது வேலைதான் சுலபமாக வந்தது. மணப்பெண்கள் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுப்பதில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பிணங்கள் டீயைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

மூலக்குளத்தில் அவளுக்குச் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. புகழ்வேந்தன் அவளை அங்கேதான் கண்டுபிடித்தான். அக்கா கல்யாணத்துக்கு மேக்கப் பேச வந்தவன், அவள் ஏரம்பாக்கத்துக்காரி என்று தெரிந்ததும் துள்ளிவிட்டான்.

"நானும் ஏரம்பாக்கந்தான்க்கா! சிவப்பிரகாசம் பையன். எந்தத் தெரு?"

"காலனி தம்பி. உங்க வூட்டுக் கரும்புக்கொல்லையிலதான் எங்கம்மா வேல செஞ்சாங்க."

அவன் முகம் ஒரு கணம் தடுமாறி, பிறகு முன்பைவிட அதிகமாக மலர்ந்தது. தான் ஒரு ஜாம்பி படம் எடுக்கப்போவதாகச் சொன்னான். வெறும் பேய்ப்படம் இல்லை, சமூகத்தைப் பற்றிய படம். கம்பெனிக் கழிவு நிலத்தடி நீரில் கலக்கிறது; அது இறங்கிய மண்ணிலிருந்து, வாழ்நாளெல்லாம் உழைத்து ஏமாந்து செத்துப்போன கூலிக்காரர்கள் எழுந்து வருகிறார்கள். டைட்டிலில் மேக்கப் என்று அவள் பெயர் தனியாக வரும் என்றான். தன் பெயர் ஒரு திரையில் தனியாக நிற்பதைத் தேவி அன்று இரவு பலமுறை நினைத்துப் பார்த்தாள். அந்த ஆசை தனக்குள் இருந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

பாகூர் ஏரி நிரம்பி வாய்க்கால்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த தை மாதத்தில் படப்பிடிப்பு தொடங்கியது. விளக்குகளுக்கு வசதி இல்லாததால் பகலில் எடுத்துப் பிறகு ராத்திரியாக மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ரத்தத்துக்கு வெல்லப்பாகில் சிவப்புக் கேசரிப் பவுடர். கரும்பு விளையும் ஊர் என்பதால் வெல்லத்துக்குப் பஞ்சமில்லை, எறும்புக்கும் இல்லை. பிணங்களின் கழுத்தில் எறும்பு ஊர்வதைப் பார்த்து கேமராக்காரன் அரிகரன், "தத்ரூபமா இருக்குது, தட்டிவுடாதீங்க!" என்று கத்தினான்.

ஜாம்பிகளாக நடித்தவர்கள் எல்லோரும் காலனிக்காரர்கள். அதற்குப் புகழ்வேந்தன் ஒரு காரணம் வைத்திருந்தான். ஊரில் செத்தவர்களை எரித்துவிடுகிறார்கள், காலனியில் புதைக்கிறார்கள். எரித்துச் சாம்பலாகிப்போனவன் எப்படி எழுந்து வருவான்?

"அப்ப படத்துலயும் நாங்கதான் சாவணும்?" என்றான் ஆண்டனி. காலனியில் வயரிங் வேலை செய்கிறவன், வாய்க்கொழுப்பு அதிகம்.

"நீங்க எழுந்து வர்றீங்கண்ணே. அதான் மேட்டரு."

"எழுந்து வர்றதுக்கு மொதல்ல சாவணும் இல்ல டைரக்டரு?"

கூடம் சிரித்தது. காலனி சமுதாயக் கூடத்தில்தான் மேக்கப். பிளாஸ்டிக் நாற்காலியில் அப்போது தேவியின் அப்பா நடேசன் உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததுதான் அவளுக்கு ஆச்சரியம். எதிலும் கலந்துகொள்ளாத மனிதர். மதகடிப்பட்டில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேனாகப் போய்க்கொண்டிருந்தார். லீவு போட்டுவிட்டு, ஷேவ் செய்துகொண்டு, பிணமாக நடிக்க வந்திருந்தார். டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்து அவர் கன்னத்தில் புண் ஒட்டும்போது மெதுவாகக் கேட்டார்.

"தெரு வழியாத்தான வரணும்?"

"ஆமாம்பா. ஊர்த்தெருவுலதான் எடுக்கறாங்களாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஏன் வந்தார் என்று தேவிக்கு அப்போதுதான் புரிந்தது.

போன வருஷம் கார்த்திகை மழையில் அம்மா காசம்மாள் செத்துப்போனாள். காலனிப் பாடை ஊர்த்தெருவில் போவதில்லை. தெருவின் அந்தக் கோடியில் இருக்கிற சுடுகாட்டுக்கு, கொல்லைகளைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரையோடுதான் போக வேண்டும். அன்று கரை கரைந்து கிடந்தது. தூக்கியவர்களில் ஒருவன் வழுக்க, பாடை சாய்ந்து அம்மா தண்ணீருக்குள் போனாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லாததால் தேவி அதைப் பார்க்கவில்லை. மார்பு வரை சேற்றோடு திரும்பி வந்த அப்பாவைத்தான் பார்த்தாள். நடந்ததைக் கருமாதியன்று ஆண்டனிதான் சொன்னான். பார்க்காத அந்தக் காட்சியை அவள் அதற்குப் பிறகு அடிக்கடி பார்த்தாள், ஒவ்வொரு முறையும் தண்ணீரின் நிறம் வேறாக இருந்தது.

முகங்கள் முடிந்ததும் புகழ்வேந்தன் எல்லோரையும் நிற்கவைத்துக் காட்சியை விளக்கினான்.

"இதான் கிளைமாக்ஸ். ஊரே கதவச் சாத்திக்கினு உள்ள இருக்குது. தெரு காலியா இருக்குது. செத்தவங்க, அவங்கள எந்த வழியாத் தூக்கிட்டுப் போனாங்களோ, அதே வழியாத் திரும்பி வர்றாங்க."

ஆண்டனி கையைத் தூக்கினான். "அப்படின்னா நாங்க தெருவுல வர முடியாதே."

"ஏன்ணே?"

"எங்க பாடை தெருவுல போனாத்தான திரும்பி வர்றதுக்கு? நாங்க வாய்க்கா வழி ஆளுங்க."

புகழ்வேந்தன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினான்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அந்தத் தெருவில் பிறந்தவன் அவன். விடுதியில் படித்த வருஷங்கள் போக, மற்ற நாளெல்லாம் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். தன் வாசலைத் தாண்டி என்னென்ன போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். என்ன போகவில்லை என்று யாருக்குத் தெரியும்? அவன் காதுமடல்கள் சிவப்பதைத் தேவி பார்த்தாள். ஃபவுண்டேஷன் எதிலும் அந்த நிறம் கிடைப்பதில்லை என்று நினைத்தாள். அந்த நேரத்தில் அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காகத் தன்மேல் லேசாக எரிச்சலும் வந்தது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு எழுந்தபோது கண்கள் பளபளத்தன.

"அரி! கேமராவ வாய்க்காலுக்குக் கொண்டுபோ. செத்தவங்க தண்ணியிலேர்ந்து வர்றாங்க. மார்பளவு தண்ணி. ஒரு வசனம்கூட வேணாம்டா. இதான் படம்!"

நல்ல காட்சிதான். தேவியால் அதை மறுக்க முடியவில்லை. சாம்பல் பூசிய முகங்கள் கலங்கல் தண்ணீருக்கு மேலே வரிசையாக வருவதை அவளால் உடனே பார்க்க முடிந்தது. அப்பாவின் முகமும் அதில் இருந்தது.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, புகழ்வேந்தனின் அப்பா சிவப்பிரகாசம் மொபெட்டில் வந்துவிட்டார். ஊரில் அவர் பேச்சுக்கு மேல் பேச்சில்லை. கூடத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"தெருவுல எடுக்கறன்னு சொன்னப்ப நம்ம பசங்களுக்கு வேஷம் போடுவேன்னு நெனச்சேன். இன்னாடா இது?"

"இல்லப்பா. வாய்க்கால்ல எடுக்கறோம். அதான் உண்மை."

"அப்ப சரி. அதான் முறை." அவர் குரல் இறங்கியது. உள்ளே பார்த்துப் பொதுவாகச் சொன்னார். "உசுரோட யாரு வேணா தெருவுல போங்க, வாங்க. இந்தக் காலத்துல யாரு தடுக்கறா? இந்த மூஞ்சியோட மட்டும் வேணாம். ஊருக்கு ஆவாது."

மகனுக்கு வேண்டியது உண்மை, அப்பாவுக்கு வேண்டியது முறை. இரண்டுக்கும் வாய்க்கால் போதுமானதாக இருந்தது. அப்பனும் பிள்ளையும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதைத் தேவி அந்தப் படப்பிடிப்பில் அப்போதுதான் பார்த்தாள்.

மொபெட் போன பிறகு நடேசன் எழுந்தார்.

"நான் வாய்க்கால்ல வரல தம்பி."

"ஐயா, அதான நெஜம்?"

புகழ்வேந்தன் ஐயா என்று கூப்பிடும்போதெல்லாம் நடேசன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். இந்த முறை திரும்பவில்லை.

"நெஜந்தான். அதுக்கு இன்னாத்துக்கு கேமரா? கேமரா இல்லாமலே நாங்க அதுலதான போறோம்."

புகழ்வேந்தன் தேவியிடம் வந்து தணிந்த குரலில் பேசினான். "அக்கா, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. உங்கப்பா இல்லாம அந்த ஷாட் நிக்காது. முகத்த எப்படிப் பண்ணியிருக்கீங்க, பாருங்க!"

"சொல்றேன் தம்பி" என்றாள்.

சொன்ன பிறகுதான் எவ்வளவு லேசாக அது வாயிலிருந்து வந்துவிட்டது என்று உறைத்தது.

கேமராவும் ஆட்களும் வாய்க்காலுக்குப் போனார்கள். நடிகர்கள் கொல்லை வரப்பு வழியாகச் சுடுகாட்டுக்குப் போய், அங்கிருந்து தண்ணீரில் இறங்கி வர வேண்டும். நடேசன் வரப்புப் பக்கம் திரும்பவில்லை. காலனிப் பாதை ஊர்த்தெருவில் சேருகிற இடத்தில் போய் நின்றார். தேவி மேக்கப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"அப்பா, ஒரு ஷாட்டுதான்..."

"கால்தான் மொதல்ல வுழுந்துச்சு" என்றார் அவர், தெருவைப் பார்த்தபடி. "அப்புறம் இடுப்பு. நான் தலைய மட்டும் புடிச்சிக்கினேன். தலைய வுடல. அதுக்குள்ள எறங்கி நான் எப்பிடிமா நடிக்கறது?"

அதுவரை அவர் இதைச் சொன்னதே இல்லை. தேவிக்குக் கண் கலங்கும் என்று அவளே எதிர்பார்த்தாள். கலங்கவில்லை. அவர் கன்னத்தில் வியர்வை பட்டுப் புண்ணின் ஓரம் பிரிந்திருப்பது கண்ணில் பட்டது. முகத்தை இங்கேயே கலைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. உயிரோடு இருக்கிற நடேசனாக அவர் தெருவில் நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கலைக்காமல் போனால் இந்தப் படம் அவளுக்கு இல்லை. தனியாக நிற்கும் பெயரும் இல்லை.

பையைத் திறந்தாள். பசையை எடுத்துப் பிரிந்த ஓரத்தை ஒட்டினாள். கண்ணுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் கருமை வைத்தாள்.

"போங்க" என்றாள்.

அவர் நடந்தார். படத்துக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி இல்லை. காலை இழுக்கவில்லை, கையை நீட்டவில்லை. சாதாரணமாக, மெதுவாக நடந்தார். பின்னாலேயே நடந்த தேவி சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தால் ஆண்டனி வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், வரப்பில் இறங்கியிருந்த மற்றவர்களும் மேலேறி வந்துகொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

தெருவில் ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒரு குழந்தை வீரிட்டு உள்ளே ஓடியது. தெருக்காரி தையலம்மாள் தன் வாசலில் தண்ணீர்க் கேனை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கையூன்றிப் பார்த்தாள்.

"ஏண்டி தேவி, நீ போட்ட வேஷமா? நெஜப் பொணம் மாரியே இருக்குதுடி!"

"ஆமாங்க."

"இதுல யாருடி ஒங்கப்பன்?"

தேவி காட்டவில்லை. இந்தத் தெருவில் அவள் எத்தனையோ முறை நடந்திருக்கிறாள், பஸ் பிடிக்க, ரேஷன் வாங்க. எப்போதும் சீக்கிரம் கடந்துவிடுகிற நடை. இன்றுதான் பிணத்தின் வேகத்தில் நடக்கிறாள். வீடுகளின் டைல்ஸ் நிறங்கள்கூடத் தெரிந்தன. இப்படி நடக்கும்போது நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். கால் சுட்டது. அவ்வளவுதான்.

சிவப்பிரகாசம் தன் வீட்டு கேட்டுக்கு எதிரே தெரு நடுவில் நின்றிருந்தார். நடேசனின் நடை தயங்கியது.

"கேமரா எங்க?" என்றார் சிவப்பிரகாசம். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "வாய்க்கால்லன்னு சொன்னானே. இன்னாம்மா இது? கேமரா எங்க?"

"நிக்காதீங்க" என்று தேவி அப்பாவிடம் சொன்னாள். பிறகு சிவப்பிரகாசத்தின் பக்கம் திரும்பினாள். குரல் பார்லரில் வரும் குரலாக, தொழில் பேசும் குரலாக வந்தது.

"தூரத்துலேர்ந்து எடுக்கறாங்கய்யா, ஜூம் போட்டு. நீங்க நடுவுல நிக்கறீங்க, படத்துல வந்துருவீங்க. கொஞ்சம் ஓரமாப் போங்க."

அந்த மனிதரை இந்தத் தெருவில் ஓரமாகப் போகச் சொல்ல யாருக்கும் வேளை வந்ததில்லை. அவர் கண்ணைச் சுருக்கித் தெருக்கோடியைத் தேடினார். சந்தேகம் முழுதாகப் போகவில்லை. ஆனால் கை தானாக மேலே போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்தது. நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கியது. ஓர் எட்டு, இரண்டு எட்டு பின்வாங்கி கேட்டோடு ஒட்டி நின்றார்.

காலனியின் பிணங்கள் அவரைத் தாண்டிப் போயின. ஆண்டனி மட்டும் போகிற போக்கில் லேசாக உறுமிவிட்டுப் போனான்.

தெரு முடிந்த இடத்தில் புங்கமரம், அதற்கப்பால் தார்ச்சாலை, சாலையின் மறுபக்கம் சுடுகாடு. தேவி அங்கே வருவது அதுதான் முதல் தடவை. அம்மாவின் மேட்டில் புல் முளைத்திருந்தது. நடேசன் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தையலம்மாள் வாசலில் வைத்திருந்த தண்ணீர்க் கேன் இங்கிருந்தே நீலமாகத் தெரிந்தது.

"இவ்ளோ கிட்டயா?" என்றார்.

மறுபடியும் அதையே சொன்னார், இந்த முறை மேட்டைப் பார்த்து. "இவ்ளோ கிட்டக்கவா இருந்துச்சு?"

மற்றவர்கள் மரத்தடியில் நின்று பீடி பற்றவைத்தார்கள். தேவியின் போன் அடித்தது.

"அக்கா, எங்க இருக்கீங்க? வெளிச்சம் போவுது. இங்க ஒருத்தரும் வரல."

"சுடுகாட்டுல இருக்கோம் தம்பி."

"சூப்பர்! அப்படியே தண்ணியில எறங்கச் சொல்லுங்க, நாங்க ரெடி."

"இல்ல தம்பி. நாங்க தெரு வழியா வந்துட்டோம்."

"தெரு வழியாவா? மேக்கப்போடயா?" அவன் குரல் உடைந்ததுபோல் இருந்தது. "எல்லாருமா? யாரு எடுத்தாங்கக்கா?"

"யாரும் எடுக்கல."

மறுமுனையில் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.