அண்ணி மூட்டிய கோள்

வீட்டில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் உட்கார வைப்பது குதிரைக் கொம்பு. சமவெளியில் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. அண்ணன் கட்டிக்கொண்டவளும் அதே தூரம் ஓடுகிறவள்தான். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஒரே பயிற்சியாளர். அணியில் மிச்சமிருந்ததும் ஒரே ஓர் இடம்.

பயிற்சி முகாம் மலை உச்சிக்கு அருகில் இருந்தது. "இங்க காத்து மெலிசு. உடம்பு பழகுற வரைக்கும் யாரும் வேகம் காட்டாதீங்க" என்றார் பயிற்சியாளர். பம்பரம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே முழு மூச்சில் ஓடினாள். இரண்டாவது சுற்றிலேயே நெஞ்சில் துணியைத் திணித்தாற்போல அடைத்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளை, அசைந்து அசைந்து வந்த அண்ணி கடந்து போனாள்.

"மெதுவா வா. மலைகிட்ட மல்லுக்கு நிக்காதே."

"உங்களுக்கென்ன அண்ணி, நீங்க எப்பவுமே மெதுவாத்தானே ஓடுவீங்க."

அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பம்பரத்துக்கு முள்ளாய்க் குத்தியது.

அதன்பின் தலைவலி விடவில்லை. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. அண்ணியோடு தங்கிய, ஈரக் காலணிகள் காயும் சின்ன அறையில் அவள் படுப்பாள், எழுவாள், ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள். காலையில் முகாம் டாக்டர் விரலில் கருவி மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்ப்பார். தன் முறை வருவதற்குள் வேகவேகமாக மூச்சை இழுத்து அளவை ஏற்றிவிடுவாள். "நல்லா இருக்கேன் டாக்டர்." வரிசையில் பின்னால் நின்ற அண்ணி இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த ஓர் இடத்துக்கான தேர்வு ஓட்டத்துக்கு முந்தைய நாள் காலை. படுத்தால் மூச்சு முட்டியதால் பம்பரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம். உதடு நீலம் பாரித்திருந்தது.

"டாக்டர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றாள் அண்ணி.

"நாளைக்கு ஓடி முடிச்சதும் நானே சொல்றேன்."

"அதுவரைக்கும் தாங்காதுடி."

"நான் போயிட்டா அந்த இடம் உங்களுக்கு. நல்லா இருக்கு அண்ணி கதை. நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

அண்ணியின் முகம் கறுத்தது. காலணியை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். சற்று நேரத்தில் டாக்டர் ஆக்ஸிஜன் உருளையோடு வந்து நின்றார்.

"நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. இப்பவே கீழே இறக்கணும்."

ஜீப் வளைந்து வளைந்து இறங்கியது. வழி நெடுக முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். கீழே போகப் போக அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. மூச்சு வர வர ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அடிவாரத்து மருத்துவமனையில் அண்ணன் காத்திருந்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"கோள் மூட்டிட்டா உன் பொண்டாட்டி."

"இன்னொரு ராத்திரி மேலே இருந்திருந்தா..." என்று தொடங்கியவன், அவள் போர்வையைச் சரிசெய்தான்.

மறுநாள் மதியம் அண்ணி போனில் வந்தாள்.

"அணியில என்னை எடுத்துட்டாங்க. வேற யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம்னுதான் கூப்பிட்டேன்."

பம்பரத்துக்குப் போனை வைத்துவிடலாம் என்றுதான் இருந்தது. கேள்வி அவளை மீறி வந்தது.

"கடைசி சுத்து எப்படிப் போச்சு?"

"கண்ணே இருட்டிடுச்சு. தோளெல்லாம் கல்லாயிடுச்சு."

"கையை இறுக்கி மூடியிருப்பீங்க. விரலைத் தளர்த்தி ஓடுங்க, தோள் தானா இறங்கும்." ஒரு கணம் நிறுத்தினாள். "கோபம் இன்னும் போகலை. வீட்டுக்கு வாங்க, சண்டை போட வேண்டியது நிறைய இருக்கு."

"வர்றேன். திட்டெல்லாம் வாங்கிக்கிறேன்" என்றாள் அண்ணி.

போனை அண்ணனிடம் நீட்டிவிட்டு, அந்தப் பக்கம் வந்த நர்ஸை மடக்கினாள் பம்பரம்.

"எப்போ நடக்கலாம்?"

"நாளைக்கு. வராந்தா வரைக்கும்."

"வாசல் வரைக்கும்னு வெச்சுக்கலாமே சிஸ்டர்."