டயப்பர் பட்ட இடம்

டயப்பரைக் கழற்றிய மரிய அருணுக்குப் பகீரென்றது. மகள் ஜாஸ்லினின் பிட்டம் சுட்ட தக்காளியாய்ச் சிவந்து கிடந்தது. எறும்பு கடித்ததா, வேர்க்குருவா, அம்மை கிம்மையா? ஒன்றும் பிடிபடவில்லை.

விடியற்காலையில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் கொட்டிவிட்டு வந்தானென்றால், பகல் முழுக்கக் குழந்தை அவன் பொறுப்பு. மனைவி லினெட் சேதராப்பட்டுக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அலையாய் அலைந்து வாங்கிய வேலை. "பாப்பாவுக்கு ஏதாவது ஆச்சின்னா வேலைய வுட்டுடுவேன், சொல்லிட்டேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அவளுக்குப் போன் போடப் பயந்து, பக்கத்து வீட்டு இருதயமேரியைக் கூப்பிட்டான்.

"சூடுப்பா. தேங்கா எண்ண வையி" என்றாள் அவள். வைத்தான். மாடி வீட்டு மேனகா எட்டிப் பார்த்து, "ஐயோ, ஈரமே ஆவாதுண்ணா, பவுடர் போடுங்க" என்றாள். நம்ம ஆள் எண்ணெயைத் துடைக்காமல் அதன் மேலேயே பவுடரைக் கொட்டினான். பஜ்ஜி மாவு மாதிரி திரண்டுகொண்டது. அதற்குள் இருதயமேரி, மகன் பாரிசிலிருந்து கொண்டுவந்த ஓதகொலோன் சென்ட் பாட்டிலோடு திரும்பி வந்தாள். "இதால தொடச்சி வுடு, கிருமி போயிடும்."

பஞ்சு பட்டதுதான் தாமதம், குழந்தை வீறிட்டது. அருணுக்கும் அழுகை முட்டியது. தெருவே டாக்டராக இருந்தால் ஒரு தகப்பன் யாரைத்தான் நம்புவான்? தண்ணீரை ஊற்றிக் கழுவி, குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினான்.

டாக்டரம்மா தொடை மடிப்பை விரித்துப் பார்த்தார். "மடிப்புல ஒண்ணுமில்ல. டயப்பர் ஒட்டுற இடம்தான் செவந்திருக்கு. ஈரத்துல வந்த புண்ணு. எப்பல்லாம் டயப்பர் மாத்துவீங்க?"

"நல்லா கனமானதும் மாத்துவேங்க."

அவர் சிரிக்கவில்லை. சீட்டு எழுதியபடியே, "நனைஞ்சதும் மாத்தணும். பவுடர், சென்ட் எதுவும் கூடாது. வெறும் தண்ணியில கழுவி, தேய்க்காம ஒத்தியெடுத்து, கொஞ்ச நேரம் காத்தாட விடணும். இந்த ஜிங்க் கிரீமைக் கனமா பூசணும். ரெண்டு மூணு நாள்ல குறையலன்னாலோ, மடிப்புல பொரிப்பொரியா வந்தாலோ, காய்ச்சலடிச்சாலோ தூக்கிட்டு வரணும். பாப்பாவோட அம்மாகிட்ட சொல்லிடுங்க, அவங்களுக்குப் புரியும்" என்றார்.

காலையிலிருந்து குழம்பிக் கிடந்த மண்டையில் அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது.

"டாக்டர், கழுவுறது நாந்தான். மாத்துறதும் நாந்தான். எங்கிட்டயே இன்னொரு வாட்டி சொல்லுங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். அவன் முகத்தைப் பார்த்து முதலிலிருந்து சொன்னார்.

வெளியே வருவதற்குள் லினெட்டின் போன். "இருதயமேரியக்கா சொன்னாங்க. பாப்பாவுக்கு என்னா? நான் வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"வராத. டயப்பர் புண்ணு. சரியா மாத்தாம வுட்டது என் தப்பு. என்னா செய்யணும்னு இப்ப எனக்குத் தெரியும்."

போனில் லினெட்டுக்குப் பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப நீங்க பாத்துக்குங்க" என்றாள். "நான் மிஷினுக்குப் போறேன்."