ஒன்பது மைல் ஓடையில் கிடைத்த தங்கம்

"இன்னிக்கு என்ன கிழமை, கிளாரி? அதை மட்டும் சொல்லு, போதும்."

"மெதுவா பேசு. பக்கத்துல ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். இன்னிக்கு புதன்னு அவங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை வார்னம்பூல்ல உன் பொண்ணுக்குக் கல்யாணம்னும் தெரியும். இந்த பார்க்குல அது தெரியாத ஒரே ஆள் நீதான்."

"இன்னும் ஒரே ஒரு வளைவு, நோரீன். அதைப் பார்த்துட்டா கிளம்பிடலாம்."

"இதையேதான் போன புதன்கிழமையும் சொன்ன."

காரில் இழுத்துவரும் வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்குகிற டன்காரா கேரவன் பார்க்கில் காலை எட்டு மணிக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. எதிர் வரிசையில் இருந்தவர்கள் மடக்கு நாற்காலிகளைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் தேநீரை ஆற்றுகிற சாக்கில் அரை மணி நேரமாக அதே கோப்பையைக் கையில் வைத்திருந்தார்.

நோரீன் மேல் தப்பு சொல்ல முடியாது. ஜீலாங்கிலிருந்து கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பியபோது திட்டம் இதுதான்: டன்காராவில் மூன்று நாள், பழைய தங்கச் சுரங்க ஊரைச் சுற்றிப் பார்ப்பது, அப்புறம் நிதானமாகத் தெற்கே இறங்கிக் கல்யாண வேலைகளுக்குக் கை கொடுப்பது. இப்போது பத்தொன்பதாவது நாள். ஊரில் அவள் பார்க்காதது எதுவும் பாக்கியில்லை. தங்கம் எடைபோட்ட பழைய வங்கிக் கட்டடம், பாறை நொறுக்கும் இயந்திரம், கல்லறைத் தோட்டத்தில் சீனர்களுக்கென்று ஒதுக்கிய மூலை, எல்லாவற்றையும் நான்கு தடவை பார்த்தாகிவிட்டது. ஐந்தாம் தடவை போனபோது, சுரங்கத்தைச் சுற்றிக்காட்டுகிற அம்மாள் முழங்கால் வலி என்று உட்கார்ந்துகொண்டு, "நோரீன், இந்த பஸ் கூட்டத்தை மட்டும் நீங்க கூட்டிட்டுப் போயிடுங்களேன்" என்று தலைக்கவசத்தை நீட்டிவிட்டாள். நோரீனும் போனாள். அறுநூறு அடி ஆழத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதைச் சொல்லும்போது அவள் குரலில் பொறாமை மாதிரி ஏதோ இருந்ததாகப் பேச்சு.

அவள் கணவர் கிளாரி இதற்குள் எல்லாம் நுழையவே இல்லை. வந்த அன்றே தங்கம் தேடும் அனுமதிச் சீட்டு ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். விடிந்தால் மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்பது மைல் ஓடை. இருட்டினால் கேரவன். பதினைந்து நாளில் கிடைத்தது எட்டு ஆணி, ஒரு குதிரை லாடம், பீர் பாட்டில் மூடி கணக்கில்லாமல்.

ஒரு துணுக்கு கிடைத்துவிட்டால் மனுஷன் திருப்தியாகக் கிளம்பிவிடுவார் என்று நோரீன் நினைத்தாள். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். பழைய வங்கிக் கட்டடத்தில் இருந்த கடையில் சங்கிலியில் கோக்கிற தங்கத் துணுக்கு ஒன்றை வாங்கினாள். கிளாரியின் குறடாலேயே அதன் வளையத்தைப் பிய்த்து எறிந்தாள். போன சனிக்கிழமை ஓடைக்குச் சாப்பாடு எடுத்துப் போனவள், அவர் சாண்ட்விச்சைப் பிரிக்கிற நேரத்தில் அதைக் கரையில் வைத்துக் குதிகாலால் அழுத்திவிட்டு, "அந்தப் பக்கம் பார்த்தியா?" என்றாள்.

மூன்றாவது வீச்சில் டிடெக்டர் கத்தியது. கிளாரி தோண்டி எடுத்தார், கழுவினார், வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேரே பார்க் அலுவலகத்துக்குப் போய், பார்க்கை நடத்துகிற மெர்லிடம் துணுக்கைக் காட்டி, இன்னும் ஒரு வாரம் தங்குவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார்.

மெர்லிடம் சொன்னால் தபாலில் போடத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடையில் பதினொரு டிடெக்டர்கள். இடுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர், சர்க்கரைக்காரர், காது கேட்கும் கருவிக்கு மேல் டிடெக்டரின் ஒலிக்கருவியையும் மாட்டிக்கொண்ட ஒருவர் என்று பார்க்கின் மொத்த ஆண் வர்க்கமும் கரையைக் கயிறு கட்டிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஊர் அப்படியொரு கூட்டத்தைப் பார்த்து நூற்றைம்பது வருஷம் ஆகியிருக்கும்.

இந்தப் பழியையும் சுமந்துகொண்டுதான் புதன்கிழமை காலை நோரீன் நின்றாள். இனி மறைத்து லாபமில்லை.

"கிளாரி, அந்தத் துணுக்கு நான் போட்டது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வளையம் பத்தவச்ச தழும்பு இருந்தது. நாப்பது வருஷம் குழாய் பத்தவச்சவன்கிட்ட அதைக் கொண்டாந்து புதைக்கிறியே."

தேநீர்க் கோப்பைக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"தெரிஞ்சுமா இன்னொரு வாரம் எழுதிக் கொடுத்த? நாலு நாளா அந்தக் கிழங்க எல்லாம் வெயில்ல நிக்குதே, அதையும் பார்த்துக்கிட்டா இருந்த?"

கிளாரி டிடெக்டரின் வட்டைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. பிறகு, வட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "அந்த வேய்ன் கையை என்னால குலுக்க முடியாது."

வேய்ன்தான் மாப்பிள்ளை. வார்னம்பூலில் கேரவன் விற்பவன். இந்தக் கேரவனை, கூரையில் ஒரு சொட்டு இறங்காது என்று சத்தியம் செய்து கிளாரியின் தலையில் கட்டியவனும் அவனே. முதல் மழையிலேயே படுக்கை நனைந்தது. அதே ஊரில் இருந்த மகள் ரொவீனாவை, போய் அவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வா என்று அனுப்பினார் கிளாரி. அவள் போனாள், கேட்டாள், அப்புறமும் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தாள். கூரை ஒழுகுவது மட்டும் நிற்கவில்லை.

"நீ அனுப்பித்தான் அவ போனா," என்றாள் நோரீன்.

"அதான் எனக்கு ஆறல."

"உனக்கு எப்ப ஆறும்னு பார்த்துக்கிட்டு அவ கோயில் வாசல்ல தனியா நிக்கணுமா? அவளுக்குக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக வேற யாரு இருக்கா?"

கிளாரி மறுபடி வட்டைத் துடைத்தார். நோரீன் உள்ளே போய்க் கல்யாண உடுப்பு, தொப்பிப் பெட்டி, வலி மாத்திரை மூன்றையும் எடுத்துவந்து காரில் வைத்தாள். சாவியை அவர் முகத்துக்கு நேரே ஒருதரம் ஆட்டிக் காட்டினாள். கேரவன் நின்ற இடத்தில் நின்றது. கார் போய்விட்டது. இழுக்கக் காரில்லாத கேரவன் வெறும் தகரப் பெட்டி என்பது கிளாரிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மீதியை, வார்னம்பூல் போய்ச் சேர்ந்த நோரீனிடம் வியாழக்கிழமை மெர்ல் போனில் சொன்னாள். நோரீன் தானாக விசாரிக்கவில்லை, போனை வைக்கவும் இல்லை.

"உன் ஆளு ஓடைக்குப் போயி உண்மையைச் சொல்லிட்டாரு, நோரீன். தங்கம் இல்ல, என் பொண்டாட்டி வேலைன்னாரு."

"நல்லது. எல்லாரும் கிளம்பிட்டாங்களா?"

"எங்க? அவங்களைத் துரத்திட்டு ஒத்தையா அள்ளப் பார்க்கிறாருன்னு சொல்லி இன்னும் ரெண்டு மணி நேரம் சேர்த்துத் தோண்டுறாங்க. வார்னம்பூலுக்கு என்னைக் கொண்டு விடுங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டாரு. ஒருத்தனும் இடத்தை விட்டு நகரல."

"அனுபவிக்கட்டும்."

"கடைசியா என் ஆபீஸ் போன்ல யாருக்கோ பேசினாரு. கதவைச் சாத்திக்கிட்டு. எனக்கே கேக்கல, பார்த்துக்கோயேன்."

மெர்லுக்கே கேட்கவில்லை என்றால் விஷயம் பெரியதுதான். நோரீன் அன்றிரவு மகளிடம், அப்பா வரமாட்டார், கோயிலில் நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். ரொவீனா பூக்களைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. வேய்னின் லாரி கேரவனை இழுத்துக்கொண்டு ரொவீனா வீட்டுத் தெருவுக்குள் திரும்பியது. கிளாரியிடமிருந்து வேய்னுக்குப் போன் வந்ததையும், மறுபேச்சில்லாமல் மாப்பிள்ளை நாலு மணி நேரம் ஓட்டிப் போனதையும் நோரீனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கிளாரி குதித்திறங்கி, லாரிக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் வீசினார்.

"இடது. இடதுன்னா உன் இடது இல்லப்பா, என் இடது. உனக்கு யாருய்யா லைசென்ஸ் கொடுத்தது?"

"நீங்க கண்ணாடியில தெரியற மாதிரி நில்லுங்க, கிளாரி."

"நான் தெரியற இடத்துலதான் நிக்கிறேன். நீதான் பார்க்கல."

கேரவன் இடித்து வாசலிலிருந்த தபால் பெட்டி சாய்ந்தது. இரண்டு பேரும் இறங்கி நனைந்துகொண்டே அதைப் பார்த்தார்கள். பிறகு கிளாரி கேரவனுக்குள் போனார், வெளியே வந்தார், தண்ணீர் சொட்டுகிற தலையணையை வேய்ன் கையில் கொடுத்தார்.

"பிடி. ஒரு சொட்டு இறங்காதுன்னியே."

வேய்ன் அதைப் பிழிந்தான். "காலையில ஏறிப் பார்க்கிறேன்," என்றான்.

"காலையில உனக்குக் கல்யாணம்டா, முட்டாள்." சொல்லிவிட்டு, பிழிந்த ஈரக் கையைப் பிடித்து ஒருதரம் குலுக்கினார்.

நோரீன் ஜன்னல் திரையை விட்டுவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். கிளாரியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஞாயிறுவரை பேசவில்லை.

ரொவீனா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே கோயிலுக்குள் போனாள். மறுவருஷம் கிளாரியும் நோரீனும் ஜீலாங் வீட்டை விற்றுவிட்டு வார்னம்பூலுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் வந்த மூன்றாம் மாதம் வேய்னும் ரொவீனாவும் டாஸ்மேனியாவுக்குக் குடிபோனார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மெர்ல், காதில் இரண்டு கருவி மாட்டிய அந்த மனிதரையே கட்டிக்கொண்டாள். அவர் இன்னமும் தினம் ஓடைக்குப் போகிறார். அங்கே ஒன்றும் இல்லை என்று மெர்ல் பலமுறை சொல்லியாயிற்று. அவருக்குக் கேட்பதில்லை.